தடை இருக்கிறது, தணிக்கை இல்லை

பழைய ஜீப் ஒன்றிலிருந்து தேய்ந்துபோன பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, வேறொரு நிறுவனத்தின் பெரிய டீசல் எஞ்சினை ஏற்றுவது இந்தியாவில் குற்றம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இருந்தும் தென்னிந்தியச் சிற்றூர்ப் பட்டறைகளில் இந்த வேலை பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது, இன்றும் நடக்கிறது. சட்டம் கடுமையாக இருக்கிறது, வேலையும் ஓயவில்லை என்றால், அந்தச் சட்டம் எதைத்தான் சாதித்தது? எஞ்சின் மாற்றத்தை அது நிறுத்தவில்லை. மாற்றப்பட்ட வண்டியைப் பரிசோதிப்பவரின் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருக்கிறது. மறைந்து ஓடும் வண்டியின் பிரேக்கை எவரும் சோதிப்பதில்லை.

இந்த விவகாரத்தைக் கோலார் தங்கவயலில் நின்று பார்க்கவேண்டியதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் இயந்திரத்தோடு இத்தனை நெருங்கி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் ஊர்கள் மிகச் சிலவே. 1880களில் ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கத்தொழிலை வேரூன்றச் செய்த பிறகு, வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், தகரக் கூரை லைன்களில் குடியேறி மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம்கொண்ட சுரங்கங்களை உருவாக்கின. 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்திலிருந்து 90 மைலுக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து காவிரியின் மின்சாரம் இங்கே வந்து சேர்ந்தது. நீராவி செய்துவந்த வேலைகளை மின்மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஏற்றன. பழைய கட்டமைப்பில் புதிய ஆற்றலைப் பொருத்துவது எப்படி என்னும் கேள்வியை இந்த ஊர் அன்றே எதிர்கொண்டு விடையும் கண்டது.

அந்த விடையின் சாரத்தை வைண்டிங் எஞ்சினில் காணலாம். ஆட்களைச் சுமந்த கூண்டைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் அந்த இயந்திரத்தின் இழுவைத் திறனைக் கூட்டினால், கயிறு, உருளை, பிரேக், கூண்டின் கொக்கி ஆகிய அனைத்தையும் அதற்கு ஏற்ப மறுபடியும் கணக்கிட்டாக வேண்டும். இயக்குபவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். கயிற்றைப் பார்வையிட்டுப் பதிவேட்டில் எழுத ஆள் வேண்டும். அபாயமான இயந்திரம் என்பதற்காக எவரும் அதைத் தடைசெய்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அபாயமானது என்பதாலேயே அதை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதைப் பார்க்காமல் விட்டார்களோ அது கொன்றது என்பதற்கும் இந்த ஊரே சாட்சி. பாறைத் தூசியைப் பல காலம் போதுமான அளவு பார்க்கவில்லை. சிலிகோசிஸ் தலைமுறை தலைமுறையாக நுரையீரல்களைத் தின்றது.

இனி ஜீப்புக்கு வரலாம். பட்டறைக்காரர் செய்தால் குற்றமாகும் காரியம், இந்திய ஜீப்பின் வரலாற்றில் ஆலையே செய்த காரியம். 1947இல் மஹிந்திரா இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அந்தப் போர்க்கால வண்டியின் எஞ்சின் 2,199 கனசென்டிமீட்டர், 60 குதிரைத்திறன், பெட்ரோல். பின்னால் அதே கொள்ளளவில் வால்வு அமைப்பு மாறிய எஞ்சின் வந்தது. 1980களில் வந்த எம்எம் 540 மாடலில் பிரான்ஸின் பெஜோ வடிவமைத்த 2,112 கனசென்டிமீட்டர் டீசல் எஞ்சின் ஏறியது. எக்ஸ்டிபி 4.90 என்னும் அதன் பெயரிலேயே நான்கு சிலிண்டரும் 90 மில்லிமீட்டர் துளையும் இருக்கின்றன. பின்பு அதே குடும்பத்தின் 2,498 கனசென்டிமீட்டர் எஞ்சின் எம்எம் 550இல் வந்தது. அமெரிக்கப் போர் வண்டியின் வழிவந்த உடலில் பிரெஞ்சு டீசலை வைத்து, அதையும் பெரிதாக்கிக்கொண்டே போனவர்கள் ஆலைக்காரர்கள். அவர்களைக் குற்றவாளி என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. வண்டியைச் சோதனைக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்க அவர்களுக்கு ஒரு வாசல் இருந்தது. பட்டறைக்காரருக்கு அந்த வாசல் இல்லை. அவர் தகுதியானவரா இல்லையா என்று அறிவதற்கான வழியையே அரசு அமைக்கவில்லை.

அமைக்கவில்லை என்பதைவிட, இருந்ததையும் மூடிவிட்டது என்பதே சரி. 1988இல் இயற்றப்பட்டபோது 52ஆம் பிரிவு முழுத் தடையாக இருக்கவில்லை. பதிவு அதிகாரிக்கு அறிவித்து, ஒப்புதல் பெற்று, வாகனத்தை மாற்றிக்கொள்ள அது இடம் தந்தது. 2000ஆம் ஆண்டின் திருத்தம் அளவுகோலையே மாற்றியது. பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடவே கூடாது என்றானது. கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீட்டில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பொருளையே உறுதிசெய்தது. சட்டத்தின் சொற்கள் அப்படியிருக்க, நீதிமன்றத்தைக் குறைசொல்வதில் பயனில்லை. கேட்கவேண்டியது சட்டம் இயற்றியவர்களை. வண்டிக்கு எது பொருந்தும் என்று ஆராயும் பொறுப்பைப் பொறியாளரிடமிருந்து பறித்து, எப்போதோ ஓர் ஆலை எழுதிவைத்த பட்டியலிடம் ஏன் ஒப்படைத்தீர்கள்? அந்தப் பட்டியலை எழுதிய ஆலை அந்த எஞ்சினைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டால், உரிமையாளர் எங்கே போவார்?

இந்தத் தடை எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களை வைத்திருப்பவர், அதே தயாரிப்பும் அதே வகையுமான எஞ்சினைப் பதிவு அதிகாரியின் முன் ஒப்புதல் இல்லாமலேயே மாற்றிக்கொள்ள மாநில அரசு இசைவளிக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. 2022 ஆகஸ்டில் வந்த மத்திய விதித்திருத்தம், 3.5 டன்னுக்குக் குறைந்த பிஎஸ்-6 வாகனங்களில் டீசல் எஞ்சினை அகற்றி இயற்கை எரிவாயு எஞ்சினைப் பொருத்தவும் வழிசெய்தது. எஞ்சின் மாற்றம் என்னும் செயலே ஆபத்தானது என்றால் அரசு இதை அனுமதித்திருக்க முடியாது. ஆய்வும் சான்றும் இருந்தால் எஞ்சினை மாற்றலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 

2021இல் வந்த பழம்பெரும் வாகனங்களுக்கான விதிகள் இந்த மனப்போக்கை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. 50 ஆண்டுகளைத் தாண்டிய வாகனம் எஞ்சினும் சேஸிஸும் மூல வடிவில் இருந்தால், 20,000 ரூபாய் கட்டிச் சிறப்புப் பதிவு பெறலாம். ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக்கூடாது. காட்சிக்கு நிற்கும் ஜீப்புக்கு மரியாதை. மூட்டை சுமக்கும் ஜீப்புக்கு, 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க, 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்த கட்டணம். உழைக்கும் பழைய பொருள் இந்த நாட்டில் சந்தேகத்துக்குரியது, உழைக்காத பழைய பொருளோ பாரம்பரியம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு தங்கவயலுக்குக் கிடைத்த பார்வையும் இதுவேதான். திரைப்படக் காட்சிக்கும் சுற்றுலாப் பேச்சுக்கும் ஊர் வேண்டியிருந்தது. வைண்டிங் எஞ்சினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த கைகளுக்கு வேலை கொடுக்கவேண்டும் என்னும் எண்ணம் அந்த அளவுக்கு எவருக்கும் எழவில்லை.

எதிர்வாதங்கள் மூன்று. மூன்றும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல.

முதலாவது, பாதுகாப்பு. இதில் தடையை ஆதரிப்பவர்கள் சொல்வதைவிட நிலைமை மோசமானது. பழைய சிஜே 3பி ஜீப்பை எடுத்துக்கொள்வோர், முதல் கியரில் சுமார் 2.8 மடங்கு, டிரான்ஸ்பர் கேஸின் தாழ்நிலையில் 2.46 மடங்கு, ஆக்சிலில் 5.38 மடங்கு எனப் பெருக்கிப் பார்க்கட்டும். எஞ்சினிலிருந்து புறப்படும் முறுக்குவிசை சக்கரத்தை அடையும்போது ஏறத்தாழ 37 மடங்காகிறது. புதிய எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் கூடுதலாகத் தந்தால், ஆக்சில்களின் மேல் 3,700 நியூட்டன் மீட்டர் கூடுதலாக வந்து விழுகிறது. பழைய ஆக்சில் ஷாஃப்டும் டிரான்ஸ்பர் கேஸ் பற்சக்கரங்களும் இந்தக் கணக்கில் வார்க்கப்பட்டவை அல்ல. நெடுஞ்சாலை வேகத்துக்கு ஆசைப்பட்டு ஆக்சில் விகிதத்தையும் மாற்றினால் அடுத்த ஆபத்து தொடங்குகிறது. 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வண்டி 100இல் ஓடினால், நிறுத்தவேண்டிய ஆற்றல் இரண்டு மடங்காகிறது. நிறுத்துவதற்கு இருப்பவையோ நான்கு சிறிய டிரம் பிரேக்குகளும், ஒரே சுற்றில் ஓடும் பிரேக் எண்ணெயும். எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் கைவிடும்.

இத்தோடு முடியவில்லை. டீசல் எஞ்சினின் அமுக்க விகிதம் பழைய பெட்ரோல் எஞ்சினைப்போல் மூன்று மடங்குக்கு அருகில் இருப்பதால், அதன் குலுக்கலைத் தாங்காமல் சேஸிஸில் பற்றவைத்த மவுண்ட் விரிசல் விடலாம். இரும்புக் கட்டியான எஞ்சினின் கூடுதல் எடை முன்பக்க ஸ்பிரிங்குகளையும் ஸ்டியரிங்கையும் அழுத்தும். பிரேக்குக்கு வேக்குவம் பூஸ்டர் பொருத்தியவர்கள் வேறொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் தன் உறிஞ்சுகுழாயிலேயே வெற்றிடத்தை உண்டாக்கித் தரும். டீசல் எஞ்சின் தராது. அதற்குத் தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். அதை மறந்த வண்டியில் பூஸ்டர் வெறும் தகரக் குடுவை.

ஆபத்து இத்தனை பெரிது என்பதுதான் தடைக்கு எதிரான வலுவான வாதம். இவை அனைத்தும் கண்ணால் பார்த்து, கருவியால் அளந்து, சரியா தவறா என்று சொல்லக்கூடியவை. ஆனால் மாற்றம் குற்றமாக இருக்கும்வரை எந்த உரிமையாளரும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘இதைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்கமாட்டார். விபத்து நேர்ந்தபின், பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணுக்கும் வண்டியிலுள்ள எண்ணுக்கும் பொருத்தமில்லை என்று காட்டி இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு காரணம் கிடைக்கும். அப்போது அடிபடுவது உரிமையாளர் மட்டுமல்லர்.

ஜீப்பில் யார் பயணிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது புரியும். தேனி மாவட்டத்தின் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் மலையேறும் ஜீப்புகளில் அளவுக்கு மீறி ஏற்றப்படுபவர்கள் கூலித் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தச் சாலைகளில் ஜீப் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. ஏறியிருக்கும் வண்டியின் எஞ்சின் எது, அதன் பிரேக் எதற்காகச் செய்யப்பட்டது என்று அறிய அவர்களுக்கு வழியில்லை. தடையுள்ள சட்டம் அவர்களைக் காக்கவில்லை. காக்கக்கூடிய பரிசோதனைக்கு வண்டி வந்துசேரும் வழியையும் அடைத்துவிட்டது.

இரண்டாவது எதிர்வாதம், புகை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் வகைப்படுத்தியது. தங்கவயலில் இதைப் பற்றி எவரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. காற்றடித்தால் சயனைடு மேட்டுத் தூசி வீட்டுக்குள் வரும் ஊர் அது. ஆகவே பழைய வண்டிக்காக எதை வேண்டுமானாலும் அனுமதிக்க வேண்டும் என்னும் வாதத்தை இங்கே ஏற்கமுடியாது. ஆனால் இன்றைய தடை புகையைக் குறைக்கவில்லை. நாற்பது ஆண்டுப் பழைய எஞ்சினையே மறுபடி மறுபடி துளை பெரிதாக்கி ஓட்டுபவர் சட்டப்படி குற்றமற்றவர்; அதைவிடத் தூய்மையான, பிற்காலத்து எஞ்சினை ஏற்றுபவர் குற்றவாளி. ஏற்றப்படும் எஞ்சின் வண்டியின் மூல எஞ்சினைவிடப் பிந்திய மாசு வரம்பைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும், புகை அடர்த்திச் சோதனையில் தேறவேண்டும் என்று விதித்தால், ஒவ்வொரு மாற்றத்திலும் காற்று சிறிதளவாவது தெளியும்.

மூன்றாவது, திருட்டு. எஞ்சின் எண்ணைப் பதிவுசெய்வதே திருட்டைத் தடுக்கத்தான் என்பார்கள். உண்மை. திருட்டு எஞ்சினுக்குச் சந்தை கொடுப்பது எது? பதிவில் ஏறாத, ரசீது தேவைப்படாத மாற்றம்தான். 2021 விதிகளின்படி பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் வந்துவிட்டன. அங்கே உடைக்கப்படும் வண்டியின் நல்ல எஞ்சினுக்குப் பிறப்பிடச் சான்று கொடுத்து, அதையே மாற்றத்துக்குக் கட்டாயமாக்கினால், திருட்டு எஞ்சினின் விலை விழும்.

தடையை எதிர்ப்பவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இருந்த பெரும் விலை வேறுபாடுதான் ஒருகாலத்தில் இந்த மாற்றங்களைத் தூண்டியது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியபின் அந்தக் காரணம் மெலிந்துவிட்டது. அதன் இடத்தில் இப்போது வீம்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. எத்தனை குதிரைத்திறன், எத்தனை லிட்டர், எந்த மேட்டில் ஏறியது என்றே பேச்சு. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைத்தேன், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் வைத்தேன் என்று பெருமை பேசுவோர் குறைவு. எஞ்சினுக்குக் கொட்டும் பணத்தில் கால்பங்கைக்கூடப் பிரேக்குக்குச் செலவிடாதவர், சட்டம் கொடுமையானது என்று புலம்பும் உரிமையை இழக்கிறார். வேலைக்கு வேண்டிய இழுவை ஒன்று, காட்சிக்கு வேண்டிய இழுவை இன்னொன்று. ஒழுங்கான விதி முதலாவதற்கு இடம்கொடுத்து இரண்டாவதற்கு எல்லை கட்டும்.

அத்தகைய விதிகள் உலகில் இல்லாதவை அல்ல. பெரிதும் மாற்றப்பட்ட வாகனம் தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்பதற்குப் பிரிட்டன் பல ஆண்டுகளாகப் புள்ளிக் கணக்கு ஒன்றைப் பின்பற்றி வந்தது. அசல் சேஸிஸுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்சில், கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தலா 2. எஞ்சினுக்கு வெறும் 1. எட்டு புள்ளி தேறினால் வண்டி பழைய வண்டியாகவே கருதப்பட்டது. அந்தக் கணக்கில் வாகனத்தின் அடையாளம் அதன் எலும்புக்கூட்டில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் எஞ்சின் மாற்றத்துக்கென்றே தேசிய நடைமுறை நெறி உண்டு. வண்டியின் எடைக்கு ஏற்ப எஞ்சினின் கொள்ளளவுக்கு வரம்பு கட்டி, பெரிய மாற்றங்களைத் தகுதிபெற்ற பொறியாளர் பார்த்துச் சான்றளிக்க வேண்டும் என்கிறார்கள். தேர்வில் தேறாத வண்டி திரும்பிப்போகிறது, தேறிய வண்டி சாலைக்கு வருகிறது.

இங்கே செய்யவேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. ஒன்று, முன் அறிவிப்பும் ஒப்புதலும் கொண்ட பழைய 52ஆம் பிரிவின் வழியை, பொறியியல் ஆய்வைக் கட்டாயமாக்கித் திரும்பக் கொண்டுவருவது. இரண்டு, எஞ்சினின் திறனுக்கும் வண்டியின் எடைக்கும் விகித வரம்பு விதிப்பது. மூன்று, எஞ்சின் பெரிதானால் இரட்டைச் சுற்றுப் பிரேக், மவுண்ட், ஸ்டியரிங், ஆக்சில் ஆகியவற்றின் சோதனையைத் தனித்தனியாகப் பதிவேட்டில் ஏற்றுவது. நான்கு, பிந்திய மாசு வரம்பும் எஞ்சினின் பிறப்பிடச் சான்றும். ஐந்து, ஏற்கெனவே மாற்றப்பட்டு ஓடும் வண்டிகளுக்குத் தண்டனையில்லாத ஒரு கால அவகாசம். அந்தக் கால எல்லைக்குள் வந்து சோதனையில் தேறினால் பதிவு, தேறாவிட்டால் திருத்தம்.

ஆய்வுசெய்ய ஆளில்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். தங்கவயலில் அப்படிச் சொல்லமுடியாது. புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்யும் பெமல் ஆலை இந்த ஊரில்தான் இருக்கிறது. முறுக்குவிசையும் பிரேக்கும் பற்றவைப்பும் தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டு ஓய்வுபெற்றவர்கள் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி வேலைக்காகப் பெங்களூருக்கு நாள்தோறும் போய்வருகிறார்கள். கேஏ 08 என்னும் பதிவெண்ணை வழங்கும் அலுவலகத்தோடு இந்த அறிவை இணைத்து ஒரு சோதனை நிலையம் தொடங்க, புதிய ஆலையோ பெரும் நிதியோ தேவையில்லை. ஒரு சோதனைக்குழி, பிரேக் சோதனை உருளை, புகை அளவி, கையெழுத்திடும் பொறுப்புள்ள பொறியாளர் ஆகியவை போதும். பட்டறையில் கற்ற கைக்கு முதன்முறையாக அரசு ஒரு தேர்வு வைத்ததாகவும் அது இருக்கும். அதில் தேறுபவர் ஒளிந்து வேலைசெய்ய வேண்டியதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தை வகுப்பவர்கள் ஒரு முடிவுக்கு வரட்டும். பட்டறைகளில் எஞ்சின் மாறுவது அவர்கள் கண்ணை மூடிக்கொள்வதால் நின்றுவிடப்போவதில்லை. மாறிய எஞ்சினுக்கு ஏற்ற பிரேக் இருக்கிறதா என்று பார்க்க ஒருவரை நியமிக்கப்போகிறார்களா, இல்லையா என்பது ஒன்றே அவர்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி.